கிளட்ச்சில் இருந்த கால்

கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பி அனுப்பிவைத்த மறுநாள் காலையில், காரையாவது துடைத்து வைப்போம் என்று போதுமணி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தபோது, செத்துப்போன அவள் புருசன் சன்னாசியின் இடது கால் கிளட்ச் பெடலின் மேல் இருந்தது. கால் மட்டும்தான். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, வார் அறுந்த இடத்தில் கோத்துவிட்ட ஊக்கு, வெடித்த குதிகால், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் காக்கிப் பேண்ட், அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் காற்று, காற்றுக்கு அந்தப் பக்கம் சீட்டின் கிழிசல் தெரிந்தது. போதுமணி கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "செத்தும் காலை எடுக்கலையா நீங்க?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை, ஏனென்றால் சன்னாசியின் இடது கால் ஓர் இடத்தில் சும்மா இருக்காது என்பது கிண்ணிப்பள்ளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாலு பக்கமும் மலை, நடுவில் பள்ளம், பள்ளத்துக்குள் ஊர். வெளியே போக ஒரே ரோடு, அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிச் சாலைமேட்டுச் சந்தையில் போய் நிற்கும். பஸ் இறங்கிவர அகலம் பத்தாத அந்த ரோட்டில், அவரைக்காய் மூட்டையோ, காய்ச்சல்காரனோ, கல்யாணப் பெண்ணோ, மேலே போகவேண்டியது எதுவானாலும் சன்னாசியின் பழைய வெள்ளைக் காரில்தான் போயாகவேண்டும். அந்த மனுசன், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிடுமோ, வளைவில் எவனாவது எதிரே வந்துவிடுவானோ, கியர் மாற்ற நேரமில்லாமல் போய்விடுமோ என்கிற பதைப்பிலேயே, தேவை இருக்கிறதோ இல்லையோ இடது காலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்பார், சமதரையிலும் எடுக்கமாட்டார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் கால் தரையை அமுக்கும், ராத்திரி படுத்தால் கட்டில் சட்டத்தை அமுக்கும், தூக்கத்தில் போதுமணி உதை வாங்காத நாள் கிடையாது. சாலைமேட்டில் பட்டறை வைத்திருக்கும் மைதீன்பிச்சை, வருசம் தவறாமல் ஒரு கிளட்ச் பிளேட் மாற்றிக்கொடுத்து, மாற்றும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துவார்: "மச்சான், பெடல் மேல காலை வச்சாலே அது பாதி மிதிச்ச கணக்குய்யா. பிளேட்டு ஒட்டியும் ஒட்டாமத் தேஞ்சுக்கிட்டே கெடக்கும். இந்தா, பெடலுக்கு இடது பக்கம் இம்புட்டு இடம் சும்மாதான கெடக்கு, அதுல வையி காலை. கியர் மாத்தறப்ப மட்டும் எடுத்து மிதி." சன்னாசி "சரி மாப்ள, சரி மாப்ள" என்பார். பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் கால் பெடலுக்கு ஏறியிருக்கும்.

ஊர் கூடிவிட்டது. சாவுச் சடங்கு செய்த நாவிதர் கூடலிங்கம் காருக்குள் தலையை விட்டு, கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணிக் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டுனது நான்தான். இது என் முடிச்சு" என்றார்.

"முழு ஆளைத்தான எரிச்சோம்?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனம் பார்க்கும் அம்பலம்.

"முழு ஆளைத்தான்."

"அப்ப இது?"

"இது வந்தது."

அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்தவரை வெரட்டவா முடியும்?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. எப்படி வந்தது, எதற்கு வந்தது, மிச்ச உடம்பு எங்கே என்று அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்பதற்கு ஊரில் வேறு ஆயிரம் வேலை இருந்தது.

அந்தக் காலை ஊர் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கூடலிங்கம் மாசா மாசம் வந்து நகம் வெட்டிவிட்டுப் போனார், ஏனென்றால் நகம் வளர்ந்தது. மேலேயிருந்து வரும் சுகாதார நர்ஸ் குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவிவிட்டு, "இந்தச் செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னேனா இல்லையா?" என்று உயிரோடு இருந்தபோது அதட்டிய மாதிரியே அதட்டினாள். தாலி கட்டிய ஜோடிகள் கோயிலில் இருந்து நேரே காருக்கு வந்து, கதவைத் திறந்து, குனிந்து, பிரேக்குக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வரப்புத் தகராறு என்று வந்தால் சூடத்தை அணைத்துச் சத்தியம் கேட்பதை விட்டுவிட்டு, "சன்னாசி காலைத் தொட்டுச் சொல்லுடா" என்றார்கள். தொட்டுப் பொய் சொன்ன ஒருத்தனைக் கால் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் தொட்டபோது அது சுருக்கென்று துடித்தது என்று அவனே நாலு பேரிடம் உளறி மாட்டிக்கொண்டான். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் பொன்னாடை போர்த்த வந்து, காலுக்கு எங்கே போர்த்துவது என்று விழித்து, கடைசியில் ஸ்டியரிங்குக்குப் போர்த்திவிட்டுப் போனார்கள். அந்தப் பொன்னாடை வெகுநாள் அங்கேயே தொங்கியது.

பெண்களுக்குத்தான் பெரிய சிக்கல். புருசன் செத்தவள் தாலியையும் மெட்டியையும் கழற்றவேண்டும், போதுமணி கழற்றிவிட்டாள்; இப்போது புருசனில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? குழாயடியில் இதைப் பற்றிப் பேசிப் பேசி ஒரு வாரம் குடம் நிரம்பி வழிந்தது. கடைசியில், மூன்று ஊருக்கு வழக்குத் தீர்க்கிற வாய் உள்ள மொக்கத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "தாலி கழுத்து சமாச்சாரம். கழுத்து வரலை, அதனால கழட்டுனது கழட்டுனதுதான். மெட்டி கால் சமாச்சாரம். கால்தான் வந்திருச்சுல்ல? போட்டுக்க ஆத்தா." அன்றைக்கே மெட்டியைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து போதுமணியின் விரலில் மாட்டிவிட்டார்கள். நெற்றி வெறுமை, கழுத்து வெறுமை, காலில் மெட்டி. இப்படி ஒருத்தி ஊருக்குள் நடமாடுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதுமணிக்கு அதில் சந்தோசமும் வந்தது, கூடவே கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊர் பழகிக்கொண்டது, அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது, வீட்டுக்குள் உட்கார்ந்தால் சுவர் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும், எழுந்து முற்றத்துக்கு வருவாள், முற்றத்தில் நின்றால் தெருவுக்குப் போகத் தோன்றும், தெருவுக்குப் போனால் கார் நிற்கும், காரைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். சன்னாசிக்கு மார்வலி வந்து கட்டிலோடு கிடந்த கடைசி வருசத்தில் காரை ஓட்டியது அவள்தான். பொம்பளை ஓட்டுற வண்டியில ஏறுறதா என்று கேட்டவர்கள்கூட, அவரைக்காய் மூட்டைக்குள்ளேயே முற்றுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள். அந்த சீட்டில் உட்கார்ந்து வளைவு வளைவாக ஏறும்போது மட்டும்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒன்றுக்குப் போக ஓர் ஊர் கிடைத்த மாதிரி இருக்கும். அந்த சீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஆனால் கார் மேலே போகமாட்டேன் என்றது. கால் வந்த நாளில் இருந்தே முதல் கியர் விழ மறுத்தது. கியர்க்குச்சியைத் தள்ளினால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும், ரிவர்சுக்குப் போனால் கர்ரென்று தெருவே பல்லைக் கடிக்கும். எப்படியோ கியரைத் திணித்து மலையேறினால், எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுமே ஒழிய வண்டி நகராது, கருகல் நாற்றம் வரும். பாதி மலையில் நட்டுக்குத்தலாக ஏறும் ஒரு வளைவு, ஊர் அதற்குப் பெருமூச்சு வளைவு என்று பெயர் வைத்திருந்தது, அங்கே எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். இதையும் ஊர் பழகிக்கொண்டது, வளைவு வருவதற்கு முன்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். மூட்டைகளால் இறங்கித் தள்ள முடியாதே, அவரைக்காய் மறுபடியும் முற்ற ஆரம்பித்தது.

மைதீன்பிச்சை மொபெட்டில் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வந்தவுடனே காலைப் பார்த்து, "அங்கயும் போயி அடங்கலையா மச்சான் நீ?" என்று திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தால் நாலு கியரும் சொன்ன பேச்சுக் கேட்டு விழுந்தன. எஞ்சின் ஓடும்போது போட்டால் முட்டிக்கொண்டு நின்றது. "கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல. கிளட்ச் எஞ்சினை விடமாட்டேங்குது" என்றார். பிறகு கைப்பிரேக்கை இழுத்து, மூணாவது கியரில் வைத்து, போதுமணியைக் கிளட்ச்சில் இருந்து காலை எடுக்கச் சொன்னார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த இடத்திலேயே இருமிக்கொண்டு அணையவேண்டும். இது அணையாமல் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. "பிடிக்கவும் மாட்டேங்குதே!" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்ன பாய், ஒரு சீக்குத்தான சொல்லணும்?" என்று அம்பலம் கேட்டார்.

"அதான்யா குழப்பமே. பிடிக்காத சீக்கு வேற, விடாத சீக்கு வேற. கேபிளை இறுக்குனா கிளட்ச் நல்லா விடும், ஆனா பிடிக்காது. தளத்துனா நல்லாப் பிடிக்கும், ஆனா விடாது. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக்கூடாது. இது ரெண்டையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு." குரலை இறக்கி, "பிடிக்காததுக்குக் காரணம் எனக்குத் தெரியும்" என்று காலைப் பார்த்தார்.

"பாய், வார்த்தைய அளந்து பேசுங்க" என்றார் அம்பலம். சுற்றி நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். செத்தும் ஊரைவிட்டுப் போகாத ஒரு மனுசனின் காலைக் குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

மைதீன்பிச்சை வண்டிக்கு அடியில் போனார். கேபிளை மாற்றினார், பிளேட்டை மாற்றினார், பேரிங்கை மாற்றினார், கியர் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினார், கியர்க்குச்சியின் அடியில் தேய்ந்த புஷ்ஷைப் பிடுங்கி வேறு போட்டார், ஒவ்வொரு தடவையும் "இப்பப் பாரு" என்பார், போதுமணி ஏறி உட்கார்ந்து மிதிப்பாள், கர்ரென்று கேட்கும். அவரும் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை, வேறு யாரும் உட்காரவில்லை, ஏனென்றால் உட்கார்ந்தால் அந்தக் காலின் மேல் அல்லவா காலை வைக்கவேண்டும். போதுமணி சன்னாசியின் பொண்டாட்டி, அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

அப்போதுதான் சன்னாசியின் தம்பி செல்லாண்டி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். கெட்டவன் இல்லை, அண்ணன் என்றால் உயிர், கால் வந்த அன்றைக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காருக்குள் அழுதவன் அவன்தான். "அண்ணன் காலு செருப்பழுக்குல கெடந்து சீரழியுது. வண்டியும் ஏறமாட்டேங்குது. காரைக் கோயில் கொட்டகையில நிறுத்தி, காலுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு செஞ்சு வச்சிருவோம். மேல போக நான் ஒரு ஜீப்பு எடுத்து ஓட்டுறேன். மதினிக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், வீட்ல இருக்கட்டும்" என்றான். கூட்டம் தலையை ஆட்டியது. நல்ல யோசனைதான், ஊருக்கும் மரியாதை, காலுக்கும் மரியாதை.

ஓரமாக நின்ற போதுமணி முன்னால் வந்தாள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நிமிசம் சும்மா இருக்காத காலைக் கண்ணாடிக்குள் பூட்டுவதா? அதோடு சேர்த்துத் தன்னையும் வீட்டுக்குள் பூட்டுவதா? கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, அவள் பேசினாள். "வண்டி ஏறுச்சுன்னா?"

"ஏறலையே ஆத்தா" என்றார் அம்பலம்.

"ஏறுச்சுன்னா?"

அம்பலம் மோட்டுவளையைப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஆளும் மூட்டையுமாக முழுப் பாரத்தோடு ஏற்றவேண்டும், பெருமூச்சு வளைவில் ஒருத்தரும் இறங்கக்கூடாது, ஏறிவிட்டால் வண்டி அவளோடது, ஏறாவிட்டால் கொட்டகை, என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் மைதீன்பிச்சை முதல்முறையாக அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "சும்மா ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு போ, சத்தத்தைக் கேக்குறேன்" என்றார். காது சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கண் சும்மா கீழே போனது. போனது அங்கேயே நின்றுவிட்டது.

"தங்கச்சி, வண்டிய நிப்பாட்டு."

நிறுத்தினாள்.

"நீ பெடலை எங்க மிதிக்கிற?"

"பெடல்லதான்ணே."

"எங்கனன்னு கேக்குறேன்."

அவளும் குனிந்து பார்த்தாள். சன்னாசியின் கால் பெடலை அடைத்துக்கொண்டது போக, வலது ஓரத்தில் ரெண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. அந்த மூலையில், அவர் செருப்பு நுனிகூடப் பட்டுவிடாமல், பாதத்தைக் கோணலாக ஒடுக்கி, கட்டைவிரலாலும் மெட்டி விரலாலும் அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாசமும் அப்படித்தான். கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது.

மைதீன்பிச்சை தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! மூலையில இப்படி அமுக்குனா பெடலு பாதிதான் எறங்கும், கிளட்ச் பாதிதான் விடும், அப்பறம் கியர் எங்கிட்டு விழும்? அவரு காலை எடுக்கமாட்டேங்குறாரு, அதுனால பிடிக்கலை. நீ காலை வைக்கமாட்டேங்குற, அதுனால விடலை. ரெண்டு சீக்கும் ஒரே பெடல்ல இருக்கு, நான் கிறுக்கன் மாதிரி அடியில மல்லாந்து கெடந்திருக்கேன்!"

"மிதிக்கச் சொல்றீங்களாண்ணே?"

"கியர் விழணும்னா அடி வரைக்கும் மிதிக்கணும்."

"கட்டுன புருசன் காலை?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "எனக்குக் கிளட்ச்சைப் பத்தித்தான் தெரியும் தங்கச்சி. மத்தது நீ பாத்துக்க" என்று சொல்லி இறங்கிப் போனார்.

கிண்ணிப்பள்ளத்தில் நெல்மணியைத் தெரியாமல் மிதித்தாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆள் மேல் கால் பட்டுவிட்டால் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் தொட்டு ஒற்றிக்கொண்டுதான் அடுத்த பேச்சு. இதில் புருசன் காலை, தெரிந்தே, அடி வரைக்கும் மிதிப்பது என்றால்? கல்யாணத்தன்று சன்னாசி இவள் காலைப் பிடித்து அம்மி மேல் வைத்து மெட்டி போட்டபோதே கூசிப்போய் விரலை மடக்கிக்கொண்டவள் அவள். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. தூக்கத்தில் அவளை உதைத்துவிட்டு விழித்துக்கொண்டால், அந்த மனுசன் இருட்டில் தடவி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவள் தூங்குகிற மாதிரியே கிடப்பாள். அதை நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் முழுக்க, வீட்டுக்கும் காருக்கும், காருக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டிக்கி நிறைய அவரைக்காய் மூட்டை ஏறியது. பின்சீட்டில் அம்பலம், கூடலிங்கம், இருவருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு மைதீன்பிச்சை. முன்னால், அண்ணன் காலுக்குத் துணையாக செல்லாண்டி, மடியில் ஒரு பந்து மல்லிகைப்பூ. கண்ணாடிக் கூண்டுக்கு அளவெடுக்க ஒரு டேப்பும் அவன் சட்டைப்பையில் இருந்தது. போதுமணி செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினாள். சமதரையில் எப்படியோ ரெண்டாவது கியரைத் திணித்துவிட்டு, அதிலேயே மலையேற ஆரம்பித்தாள். எஞ்சின் கத்தியது, வண்டி ஊர்ந்தது, ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் யாரோ ஒருத்தர் "முருகா" என்றார், ஒருத்தர் "யா அல்லா" என்றார், கருகல் நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது.

பெருமூச்சு வளைவில் வண்டி நின்றேவிட்டது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, பின்னால் நகர ஆரம்பித்தது. போதுமணி பிரேக்கை அமுக்கினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், கியர்க்குச்சியை முதல் கியருக்குத் தள்ளினாள். கர்ர். மறுபடியும் தள்ளினாள். கர்ர்ர். முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. இடது பக்கம் சுவர் மாதிரி மலை, வலது பக்கம் ஒன்றும் இல்லை, கீழே புளியங்கொட்டை அளவுக்கு வீடுகள்.

"போதும் மதினி" என்றான் செல்லாண்டி. குரல் தணிவாகத்தான் இருந்தது. "நாங்க எறங்குறோம். வண்டிய அப்படியே பின்னால விட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போயிருவோம்."

அவன் கதவில் கை வைத்தான். போதுமணி கீழே பார்த்தாள். அந்தக் கால் பெடலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, இந்த வளைவில் இத்தனை வருசமும் அது இப்படித்தான் நடுங்கியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்த அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. ஐயோ, என்று இருந்தது அவளுக்கு.

காலைத் தூக்கினாள். மெட்டி போட்ட வெறுங்காலை அந்தக் காலின் மேல் முழுசாக வைத்தாள். தோல் கதகதப்பாக இருந்தது, எலும்பு தெரிந்தது, செருப்பு வாரின் ஊக்கு உள்ளங்காலில் குத்தியது. "மதினி! அண்ணன் காலு!" என்று செல்லாண்டி அலறினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அடி வரைக்கும், பெடல் தரையில் இடிக்கிற வரைக்கும், உடம்பில் இருக்கிற மொத்த பாரத்தையும் போட்டு மிதித்தாள். இடது கையால் கியர்க்குச்சியைத் தொட்டாள். முதல் கியர் ணங்கென்று தாழ்ப்பாள் மாதிரி விழுந்தது.

 விழுந்தால் போதுமா? இனி அவள் கால் மேலே வரவேண்டும், அதோடு அந்தக் காலும் பெடலை விட்டு வரவேண்டும், இல்லையென்றால் வண்டி மறுபடியும் அலறிக்கொண்டு நிற்கும். "நான் இருக்கேன்ல. எடுங்க" என்றாள் போதுமணி. சத்தமாக இல்லை, சோறு போடும்போது தட்டை நகர்த்தச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் காலை மெதுவாக மேலே கொண்டுவந்தாள். அந்தக் காலும் அவள் காலுக்கு அடியிலேயே மேலே வந்தது. பாதி வந்ததும் நின்றது, யோசித்தது. பிறகு அவள் பாதத்துக்கு அடியில் இருந்து நழுவி, பெடலை விட்டு இறங்கி, இடது பக்கம் சும்மா கிடந்த அந்த இடத்தில் போய்த் தரையில் படிந்து உட்கார்ந்தது.

கைப்பிரேக்கை விட்டாள். கார் ஒரு உலுக்கு உலுக்கி, மூக்கைத் தூக்கி, அவரைக்காய் மூட்டைகளோடும் அம்பலத்தின் தொப்பையோடும் பெருமூச்சு வளைவில் ஏறியது.

"எத்தனை வருசமாச் சொன்னேன்யா!" பின்சீட்டில் மைதீன்பிச்சை குலுங்கிக் குலுங்கி அழுதார். "எத்தனை பிளேட்டு மாத்துனேன்! இன்னைக்குத்தான்யா கேட்டிருக்கான், படுபாவி!" கூடலிங்கம் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அம்பலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

போதுமணிக்குக் குனிந்து தொட்டு ஒற்றிக்கொள்ளவேண்டும் என்று இருந்தது, ஆனால் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, இன்னொரு கை ரெண்டாவது கியருக்குப் போகவேண்டியிருந்தது, அடுத்த வளைவு வந்துவிட்டது, அதற்கடுத்த வளைவும் வந்துவிட்டது. சாலைமேட்டுச் சந்தையில் புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகுதான் குனிந்தாள். மிதித்த இடத்தில் அவள் மெட்டியின் தடம் சிவந்து பதிந்திருந்தது. அதைத் தொட்டாள், ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கால் தூங்குகிற மாதிரியே கிடந்தது.

செல்லாண்டி இறங்கிப் போனான். மல்லிகைப்பூவை சீட்டிலேயே விட்டுவிட்டான். போனவன் ரெண்டு டீயோடு திரும்பி வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினான். "சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன் மதினி" என்றான். ஜீப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேச்செடுக்கவில்லை.

கிண்ணிப்பள்ளம் இதையும் பழகிக்கொண்டது. கால் இடம் மாறிவிட்டதால், கும்பிட வருகிறவர்கள் இப்போது கையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டவேண்டியிருந்தது, அவ்வளவுதான். மொக்கத்தாயி மட்டும் குழாயடியில், "மெட்டியப் போடச் சொன்னது யாரு, நான்தான?" என்று ரொம்பநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்தையில் வேலை இருந்த ஆட்களை மேலேயே விட்டுவிட்டு, காலி வண்டியோடு போதுமணி தனியாகக் கீழே திரும்பினாள். வளைவெல்லாம் முடிந்து, அவரைக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ரோடு நேராகிவிட்டது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் நாளைக்கு யார் வருவார்கள், எத்தனை மூட்டை ஏறும், அந்த வளைவில் மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவள் மனசு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இடது பக்கத்தில் இருந்து வெடித்த குதிகாலும் நீலச் செருப்புமாக அது நகர்ந்து வந்து, கட்டைவிரலால் அவள் காலை மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால் அவளுக்கே தெரியாமல் கிளட்ச்சின் மேல் இருந்தது.

சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்ததும் அழுகை வந்தது, அவர் செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் அழுதாள். "சரி சரி, எடுத்துட்டேன்" என்றாள். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தடுமாறியபோது, அந்தக் கால் ஓரமாக ஒண்டிக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டது. போதுமணி தன் காலை அதன் பக்கத்தில் வைத்தாள். கார் நாலாவது கியரில் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.